பட்டாளத்தான் இழுத்த சிலேட்டு

என் அக்கா புருஷன் முருகையாவுக்கு எங்கள் தோட்டத்தில் கடைசியாகக் கிடைத்த பெயர் ‘ரைட்டு முருகையா’. வைத்தவர்கள் வெளியாட்கள் இல்லை. அவர் ஓட்டிய லொறியில் ஓசியில் தொற்றிக்கொண்டு பதுளைக்குப் போய் வந்தவர்கள்தான். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது சிரித்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். கதை தெரியாமல் சிரிக்கிறவனை மன்னிக்கலாம். இவர்கள் எல்லோரும் அன்றைக்கு அங்கே நின்று பார்த்தவர்கள்.

ஸ்பிரிங்வெளிக்கும் மேலே, பாதை போய் முட்டி நிற்கிற இடத்தில் வெள்ளைப்பாறைத் தேயிலைத் தோட்டம். முருகையா அங்கே லொறி டிரைவர். நான், வைரவநாதன், அதே லொறிக்குக் கிளீனர். உலகச் சண்டை முடிந்த பிறகு தியத்தலாவை முகாமில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் போட்டபோது தோட்டம் வாங்கிய லொறி அது. ஆறு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். கதவில் இருந்த வெள்ளை நட்சத்திரத்தின் மேல் எத்தனை தடவை பச்சை பூசினாலும் கொஞ்ச நாளில் அது மறுபடி எட்டிப் பார்க்கும். ஜனங்கள் அதற்குப் ‘பட்டாளத்தான்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பெட்ரோல் குடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் ஐப்பசி மழையில் மண் சரிந்து பாதை சேறாகிக் கிடக்கும்போது, மற்ற வண்டிகள் கீழேயே நின்றுவிடும். பட்டாளத்தான் ஏறி வருவான்.

அவனிடம் ஒரு கோணல் இருந்தது. இந்த நாட்டு வண்டிகளுக்கு ஸ்டியரிங் வலது பக்கம். அவனுக்கு இடது பக்கம். அதனால் வலது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று டிரைவருக்குச் சரியாகத் தெரியாது. வலது ஆசனத்தில் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்துச் சொல்வது என் வேலை. அந்தப் பக்கம் இடம் இருந்தால் ‘ரைட்!’ என்பேன், அவர் மிதிப்பார். இடம் இல்லையென்றால் ‘ஹோல்ட்!’ என்பேன், நிறுத்துவார். பஸ் கொண்டக்டர் முதல் எல்லோருக்கும் அதுதானே பாஷை. வலது பக்கத்தில் குரல் கேட்டால் அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. என் வாயை நம்பியே அந்த மலைப்பாதையில் வருஷக்கணக்காக ஓட்டினார்.

டிரைவர் ஆனதால் முருகையா, ஆட்கள் வரிசை வீடுகளில் நெருங்கி இருக்கிற லயத்தில் இல்லை. கராஜுக்குப் பக்கத்தில் தனி வீடு, இரண்டு அறை, வாசலிலேயே குழாய். விடியும் முன்னே தப்படித்து எழுப்பி, ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கிற பெரட்டுக்கு அவர் போக வேண்டியதில்லை. அவருடைய அப்பாவும் தாத்தாவும் பெரட்டில் நின்றே கிழவர்கள் ஆனவர்கள். அந்த வரிசையிலிருந்து வெளியே வந்த முதல் ஆள் இவர். அந்தப் பெருமை அவருக்கு உண்டு. சில நேரம் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. கங்காணியே எதிரில் வந்தாலும் ஹோர்ன் அடித்துவிட்டுத்தான் தலையை ஆட்டுவார்.

அந்த நாளில் இந்தியா, இலங்கை என்று இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து எங்களைப் பங்கு பிரித்திருந்தன. இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு என்று. மாட்டை விற்கிறவன்கூட மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். எங்கள் முகத்தை யாரும் பார்க்கவில்லை. என் அப்பாவும் அம்மாவும் இந்தியாவுக்குப் பேர் கொடுத்துவிட்டார்கள். நான் இலங்கைக்கு எழுதிப் போட்டேன். அக்கா புஷ்பம் அம்மா பின்னாலேயே போக ஆசைப்பட்டாள். முருகையா மசியவில்லை.

“அங்க போயி என்னா செய்யிறது? ஊரு தெரியாது, ஒருத்தனத் தெரியாது,” என்பார். “இங்க எனக்கு லொறி இருக்கு புஷ்பம். பட்டாளத்தான் இருக்கிற மட்டும் நான் இந்த மலைய விட்டு எறங்க மாட்டேன். அவன் போன அன்னைக்கு வா, பேரக் குடுத்துருவோம்.”

லொறி போகுமா என்ன என்று நினைத்துத்தான் சொன்னார். அறுபத்தொன்பதாம் வருஷம் அது போகிற காலம் வந்தது.

பெரிய கிளாக்கர் ஆபீசிலிருந்து கசியவிட்ட சேதி: கொழுந்து, விறகு, அரிசி எல்லாவற்றையும் ஏற்றி இறக்குகிற வேலையைப் பதுளை டவுனில் இருக்கிற நிஸாம் முதலாளியின் லொறிக்குக் கொடுக்கப்போகிறார்கள். பட்டாளத்தானைப் பழைய இரும்புக்குப் போடப்போகிறார்கள். அப்படியானால் டிரைவர் வேலையும் இல்லை, தனி வீடும் இல்லை. முருகையாவிடம் தோட்டத்துப் பாதையில் பழகிய கை இருந்ததே தவிர லைசென்ஸ் கிடையாது. தோட்டத்து லொறி என்று பதுளைப் பொலிஸ் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தது. டவுன் முதலாளி யாரும் அவரை வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் பெரிய துரை கராஜ் பக்கம் வந்தார். முருகையா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றார். அவர் யாரிடமும் கும்பிட்டுப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“லொறிய விக்கப் போறீங்கன்னு சொல்றாங்க தொரை. நல்ல லொறிங்க. இன்னும் பத்து வருசம் ஓடுமுங்க.”

துரைக்கு நல்ல மனநிலை. சிரித்தார். துரைமார் பேசுகிற அந்தக் கட்டளைத் தமிழில், “கிளப்பு மைதானம் போ. சிலேட்டு இழு. நீ ஜெயி. லொறி நிக்கும், நீயும் நிக்கும்,” என்றார்.

சிலேட்டு என்றால் பிள்ளைகள் எழுதுகிற சிலேட்டு இல்லை. மண் சரிந்து பாதையில் விழும் பாறைகளை அப்புறப்படுத்த, டர்பன் என்கிற யூக்கலிப்டஸ் மரம் இரண்டைச் சறுக்குக் கால் மாதிரிப் போட்டு மேலே பலகை அடித்து வைத்திருப்பார்கள். பாறையை அதில் உருட்டி ஏற்றி, சங்கிலி போட்டு லொறியால் இழுப்போம். துரைமார் அதற்கு இங்கிலீஷில் ஏதோ ஒரு பேர் சொன்னார்கள். அது எங்கள் வாய்க்கு வந்து சிலேட்டு ஆகிவிட்டது. மழைக்காலத்தில் நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிற அந்த வேலையைத் துரைமார் வெயில் காலத்தில் விளையாட்டாக்கி வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் கிளப்பு மைதானத்தில் கொடி கட்டி, எந்த லொறி அதிக தூரம் இழுக்கிறது என்று போட்டி நடக்கும்.

அதிலும் ஒரு வேடிக்கை. எடைக்குக் கல் ஏற்றுவதில்லை. தோட்டத்தில் கல்லைத்தான் கூலி கொடுத்து உடைக்க வேண்டும், ஆளுக்கா பஞ்சம்? பாதையின் இரண்டு ஓரமும் எங்களை வரிசையாக நிறுத்திவிடுவார்கள். சிலேட்டு நகர்ந்து வர வர ஒவ்வொருத்தராக அதில் ஏறிக்கொள்ள வேண்டும். போகப் போகப் பாரம் கூடும். மைதானத்தின் மேல்பக்கம் ஏற்றம் வேறு. எந்த இடத்தில் சக்கரம் சுற்றிச் சுற்றி லொறி நின்றுவிடுகிறதோ, அதுதான் கணக்கு. இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். சிலேட்டு கோட்டைத் தாண்டினால் அந்த இடத்தோடு ஆட்டம் முடிந்தது.

துரை சொன்ன நாளிலிருந்து முருகையாவுக்குச் சோறு இறங்கவில்லை. வேலை முடிந்ததும் பட்டாளத்தானின் அடியில் படுத்துவிடுவார். கிளச்சைக் கழற்றிப் பூட்டினார். ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிப் பார்த்துக் காற்றைக் குறைத்தார், மறுபடி ஏற்றினார், மறுபடி குறைத்தார். இந்த மனுஷன் புஷ்பத்தை இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் அவள் ராணியாக இருந்திருப்பாள் என்று நான் வாய்விட்டே சொன்னேன். அவர் கீழே கிடந்தபடியே சிரித்தார்.

“அவளுக்காகவும்தான்டா செய்யிறேன். அந்தக் கொழாயடிய விட்டுட்டு அவ லயத்துக்குப் போயி தண்ணிக்கு வரிசையில நிக்கணுமா?”

போட்டியன்று காலையில் புஷ்பம் சூடம் கொளுத்திச் சுற்றி, நான்கு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். ஆறு சக்கரத்துக்கு நாலு பழம்தான் கிடைத்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அம்மாவோடு போகவேண்டும் என்று அழுது தீர்த்தவள் அவள். இவர் தோற்றால்தான் அவளுக்கு வழி திறக்கும்.

“நீ யாருக்குக்கா வேண்டிக்கிட்ட?” என்று கேட்டேன்.

“வேற யாருக்கு வேண்டுவேன்? தோத்துட்டு வர்ற மனுசனோட நான் எந்த ஊருக்குப் போயி என்னாத்துக்கு?” என்றாள்.

மைதானத்தில் கூட்டமான கூட்டம். நாற்காலியில் துரைமாரும் அவர்கள் பெண்சாதிகளும். இந்தப் பக்கம் நாங்கள். மற்ற லொறிகள் எல்லாம் முதல் கொடிக்கும் இரண்டாம் கொடிக்கும் நடுவிலேயே மூச்சு விட்டுவிட்டன. நிஸாம் முதலாளியின் நீல லொறி புதிது. இரண்டாம் கொடியைத் தாண்டி நல்ல தூரம் போய்த்தான் நின்றது. நின்ற இடத்தில் ஒரு முளை அடித்தார்கள். பட்டாளத்தான் அந்த முளையைத் தாண்ட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

நான் வழக்கம்போல வலது ஆசனத்தில் ஏறப் போனேன். ஒரு துரை கையை நீட்டித் தடுத்தார். போட்டிக்கு நடுவராக வேறு தோட்டத்திலிருந்து வந்தவர். சீமையிலிருந்து புதிதாக இறங்கியவர், கன்னம் இன்னும் சிவப்பு மாறவில்லை. லொறியில் டிரைவர் மட்டும்தான் இருக்கலாமாம். எனக்குச் சுருக்கென்றது.

முருகையா சொன்னார்: “போடா, நேர் கோடுதானே. கண்ண மூடிக்கிட்டுப் போவேன்.”

நான் எடை ஆட்களோடு போய் வரிசையில் முதல் ஆளாக நின்றேன்.

பட்டாளத்தான் கிளம்பினான். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? கீழ் கியரில் அவன் உறுமினால் வயிற்றுக்குள் அதிரும். சங்கிலி விறைத்தது. சிலேட்டு சட்டென்று நகர்ந்து என் முன்னால் வந்ததும் நான் ஏறிக்கொண்டேன். எனக்குப் பின்னால் ஒவ்வொருத்தராக ஏறினார்கள். முதல் கொடி போனது. அவன் சளைக்கவே இல்லை. இரண்டாம் கொடியும் போனது. எங்கள் தோட்டத்து ஆட்கள் கத்தின கத்து பதுளை டவுனுக்கே கேட்டிருக்கும்.

அங்கேதான் அந்தப் பிசகு. எங்கள் தோட்டத்து ஆட்கள் பெரும்பாலும் வலது பக்கத்து ஓரத்தில் நின்றார்கள். பட்டாளத்தான் ஜெயிக்கப் போகிறான் என்று தெரிந்ததும், அவன் இழுக்கிற சிலேட்டில் தானும் இருக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்திலிருந்து முறை பார்க்காமல் தாவி ஏறினார்கள். பாரமெல்லாம் வலது பக்கம் சாய்ந்தது. வலது சறுக்குக் கால் மண்ணில் அழுந்த, சிலேட்டு மெல்ல வலது பக்கமாக ஒதுங்க ஆரம்பித்தது. நான் கீழே பார்த்தேன். சுண்ணாம்புக் கோடு பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. நிஸாம் முதலாளியின் முளை கண்ணுக்கு எதிரே இருந்தது.

நடுவர் துரை லொறியின் வலது பக்கமாகக் கொடியோடு கூடவே ஓடி வந்துகொண்டிருந்தார். நல்ல மனுஷன்தான். கோடு நெருங்குவதைப் பார்த்துவிட்டு, வலது பக்கத்தைப் பார், வலது பக்கத்தில் கோடு இருக்கிறது என்று எச்சரிக்க நினைத்து, ஜன்னலுக்குள் கத்தினார்.

“ரைட்! ரைட்!”

முருகையா திரும்பிப் பார்க்கவில்லை. வலது பக்கத்திலிருந்து ‘ரைட்’ என்று குரல் வந்தால் என்ன செய்வாரோ அதைச் செய்தார். ஓங்கி மிதித்தார்.

“ஹோல்ட்! மச்சான், ஹோல்ட்!” என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். அந்த உறுமலில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. என்னைச் சுற்றி நின்றவர்கள் நானும் சந்தோஷத்தில் கத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு கூடச் சேர்ந்து கத்தினார்கள். சிலேட்டு கோட்டை அரைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனது. நடுவர் கொடியைக் கீழே இறக்கினார். அந்த இடத்திலிருந்து முளைக்கு ஒரு முழம் பாக்கி இருந்தது. பட்டாளத்தான் எதுவும் தெரியாமல் முளையையும் தாண்டி, மூன்றாம் கொடியையும் தாண்டி, மைதானத்தின் வேலி வரைக்கும் எங்களை இழுத்துக்கொண்டு போய் நின்றான்.

முருகையா சிரித்துக்கொண்டே குதித்து இறங்கினார். இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். அந்தச் சிரிப்போடு அவர் நடந்து வந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் தாங்காது. நான் ஓடிப்போய்ச் சொல்வதற்குள் பெரிய கிளாக்கர் முந்திக்கொண்டார்.

“என்னாப்பா முருகையா, தொரை ரெண்டு தரம் ரைட்டு ரைட்டுன்னு கத்துனாராம். நீ கேக்கவே இல்லன்னு சொல்றாரு.”

“கேட்டேனுங்க அய்யா. கேட்டதுனாலதானுங்க போனேன்.”

கிளாக்கருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் துரைமாரிடம் போய் இங்கிலீஷில் சொன்னார். நாற்காலி வரிசை முழுக்கச் சிரிப்பு. ஒரு துரைசாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கள் பக்கத்துக்கும் வந்தது. சிலேட்டில் தாவித் தாவி ஏறிக் காரியத்தைக் கெடுத்த கழுதைகளே, “ரைட்டுன்னா போய்டுவியா மச்சான்?” என்று முதுகில் தட்டினார்கள். பெரிய துரை வந்து, “நல்ல லொறி. பாவம்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வாரத்தில் பட்டாளத்தானைப் பதுளையில் பழைய இரும்பு வாங்குகிற பட்டறைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். இடது பக்க ஸ்டியரிங் பழகிய ஆள் வேறு யாரும் இல்லாததால் முருகையாவே ஓட்ட வேண்டி வந்தது. வலது பக்கத்தில் நான். வளைவுகளில் நான் வாயைத் திறக்கவில்லை. கையை நீட்டிக் காட்டினேன். அவரும் அதைப் பார்த்து ஓட்டினார். பட்டறைக்காரர் சொன்ன மூலையில் நேராக விட்டு, கை பிரேக் போட்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டு இறங்கினார். பஸ்ஸில் போகலாம் என்று கூப்பிட்டேன். கேட்காமல் நடந்தே போனார்.

பிறகு லயத்தில் ஒற்றை அறைக் காம்பிரா ஒன்று கொடுத்தார்கள். அவர் பெரட்டில் நின்றார். கவ்வாத்துக் கத்தியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, தன் அப்பா நின்ற வரிசையில். கங்காணி வேலை பிரித்து முடித்து, “எல்லாம் ரைட்டா முருகையா?” என்பான். வரிசை சிரிக்கும். ஒரு நாள் நான் அந்தக் கங்காணியின் சட்டையைப் பிடித்துவிட்டேன். முருகையாதான் விலக்கிவிட்டார்.

“விடுறா. அவுங்க சிரிக்கிறதுல என்னா தப்பு? என் காது கெட்டுப்போச்சு. உன் கொரலு எது, தொரை கொரலு எதுன்னு தெரியாத காது.”

இதையே சொல்லிக்கொண்டிருந்தார். வேலை செய்கிற காட்டிலும் சொன்னார், கள் குடித்தாலும் சொன்னார். பேசும்போதே வலது காதைப் பிடித்து இழுத்துக்கொள்வார். பட்டாளத்தானுக்குப் போட்டி முடிந்துவிட்டது. இவருக்கு முடியவில்லை. அந்த ஒரு முழத்தை மனதுக்குள் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தார். சொன்ன சொல் தவறாமல் இந்தியாவுக்கும் பேர் கொடுத்துவிட்டார். அது கைக்கு வர வருஷங்கள் ஆயின. அதற்குள் அப்பாவும் அம்மாவும் இந்தியா போய்ச் சேர்ந்து, மண்டபம் முகாமைத் தாண்டி எங்கேயோ கல் உடைக்கிற இடத்தில், ஒருத்தர் பின்னால் ஒருத்தராகச் செத்தும் போய்விட்டார்கள். யாருக்காகப் புஷ்பம் போக ஆசைப்பட்டாளோ அவர்களே இல்லை. ஆனாலும் கொடுத்த பேரைத் திரும்ப வாங்க முடியாது.

நான் நிஸாம் முதலாளியின் லொறிக்குக் கிளீனராகச் சேர்ந்திருந்தேன். வயிறு இருக்கிறதே, என்ன செய்ய. முதலாளி கெட்டவர் இல்லை. ஒரு நாள் தெமோதரை ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டிகளை இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். முருகையாவுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, அடுத்த கிழமை கிளம்புகிறார் என்று சொன்னேன். முதலாளி உச்சுக்கொட்டினார்.

“பாவம், நல்ல கைகாரன். போட்டியில அவன் அப்பிடி இழுத்தத நான் மறக்கல்ல.”

“கோடு தாண்டாம இருந்திருந்தா லொறி நின்னிருக்கும் மொதலாளி. எல்லாம் அந்த ஒரு சொல்லால வந்த வென.”

முதலாளி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஆரு சொன்ன அப்பிடி? அது போட்டிக்கு முந்தியே முடிஞ்ச கத தம்பி. தொரை என்னோட பேசி முடிச்சி, கையெழுத்தும் வச்சாச்சி. பழைய இரும்புக்கும் வெல பேசியாச்சி. போட்டி சும்மா வெளயாட்டுத்தானே.”

பெரிய துரையைப் பிடித்து உலுக்கலாம் என்றால், அவர் சீமைக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அவர் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்கவும் மாட்டார். நாய்க்குட்டிக்கு முன்னால் பிஸ்கட்டை ஆட்டிக் காட்டுவது போல, சும்மா ஒரு சிரிப்புக்குச் சொன்ன வார்த்தை. அதற்காக ஒரு மனுஷன் மூன்று வருஷமாகத் தன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறான்.

அவர்கள் போகிற அன்று பதுளை ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. எல்லாத் தோட்டத்திலிருந்தும் போகிறவர்கள், வழியனுப்ப வந்தவர்கள், டிரங்குப் பெட்டி, பாய், கோழி. ஒரே அழுகை. புஷ்பம் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. முருகையா பெட்டிக்குப் பக்கத்தில் தனியாகக் குந்தியிருந்தார்.

“என் காது மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா,” என்று ஆரம்பித்தார். “இன்னைக்கு நான் டிரைவர், வைரவா. இந்த ரயிலுக்கு ஆள எறக்கிவிட்டுட்டுத் திரும்பிப் போயிருப்பேன்.”

எனக்குப் பொறுக்கவில்லை. கடல் தாண்டியும் இந்தப் பாரத்தை இந்த மனுஷன் சுமக்க வேண்டுமா? பக்கத்தில் உட்கார்ந்து, முதலாளி சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை மச்சான், யாரும் உங்கள் காதைக் குறை சொல்ல முடியாது என்றேன். கேட்டு முடித்து என் பக்கம் திரும்பினார்.

“அப்ப நான் நேராவே போயி, அந்த மொளையத் தாண்டியிருந்தாலும்?”

“தாண்டியிருந்தாலும்தான் மச்சான்.”

அவர் முகத்தில் இருந்தது என்னவென்று எனக்கு முதலில் தெரியவில்லை. நிம்மதிதான் வரும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

“இத நீ சொல்லாம விட்டிருக்கலாம் வைரவா,” என்றார். “எனக்கும் ஒரு வழி இருந்துச்சு, நான்தான் தப்ப விட்டேன்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன். அந்த வழியே இல்லன்னுட்டியே.”

ரயில் வந்து நின்றது. அவர் எழுந்து பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, புஷ்பத்தைக் கூப்பிட்டுவிட்டு முன்னால் நடந்தார்.